பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்: சேகரிப்பவர்களும் ராலி ஓட்டுபவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டாம் உலகப்போர் முடிந்ததிலிருந்து 1980 வரை இங்கிலாந்தில் தயாரான ஸ்போர்ட்ஸ் கார்கள்தான் இந்தப் பக்கத்தின் விஷயம். எம்ஜி, ஆஸ்டின்-ஹீலி, ட்ரையம்ஃப், ஜாகுவார் ஆகிய நான்கையும் கொஞ்சம் விரிவாகவும், லோட்டஸையும் மார்கனையும் போகிற போக்கிலும் பார்க்கலாம். வாங்கிப் பாதுகாக்க நினைப்பவர்களுக்கும் பழைய கார்களுக்கென்றே நடக்கும் ஹிஸ்டாரிக் ராலிகளில் ஓட்ட நினைப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதியது.

சேர்த்து வைக்கவும் ராலி ஓட்டவும் ஒரே கார் போதுமா?

போதும் என்று நினைத்துத்தான் பலரும் தொடங்குகிறார்கள். நடைமுறையில் ஒத்துவராது. சேகரிப்பவர் காசு கொடுப்பது அசல் தன்மைக்கு: ஆலையில் பொருத்திய அதே இன்ஜின், அதே நிறம், முடிந்தால் அதே சீட் தோல். ராலிக்காரருக்கு இன்ஜினின் ஆயில் தொட்டியான சம்ப்புக்குக் கீழே இரும்புக் கவசம் வேண்டும், டாஷ்போர்டில் தூரமானி வேண்டும், கவிழ்ந்தால் காக்கும் ரோல் பார் வேண்டும், கூடுதல் விளக்கு வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் எங்கேயோ துளை போட வேண்டியிருக்கும். அசல் தன்மைக்காக அதிக விலை கொடுத்து வாங்கிய காரில் துளை போடும்போது மனசும் வலிக்கும், விலையும் இறங்கும். துளை போடாமல் விட்டால் ராலியில் பாதி வழியில் நிற்க நேரும். எதற்காக வாங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ராலிதான் நோக்கம் என்றால், ஏற்கெனவே இன்ஜின் மாற்றி, மறுபடி பெயின்ட் அடித்து, அசல் என்ற பெயரை இழந்துவிட்ட ஆனால் பாடி உறுதியான காரைத் தேடுங்கள். விலையும் குறைவு, குற்ற உணர்ச்சியும் இல்லை.

முதல் கார் எது?

எம்ஜி நிறுவனத்தின் எம்ஜிபி. யோசிக்கவே வேண்டாம். "எல்லாரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எல்லாரும் வைத்திருப்பதுதான் அதன் பலமே. 1962 முதல் 1980 வரை, ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதனால் கதவுக் கைப்பிடியிலிருந்து முழு பாடி வரை இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988-லேயே பழைய அச்சுகளைக் கொண்டு எம்ஜிபிக்குப் புது பாடி ஷெல் தயாரிக்கத் தொடங்கிவிட்டது.

1798 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜின், இரட்டை எஸ்யு கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கருவி), சுமார் 95 குதிரைத்திறன். நேர்ச்சாலையில் மணிக்கு 160 கி.மீ. தாண்டும், அவ்வளவுதான். இன்றைய குடும்பக் கார்கூட இதை முந்திவிடும். ஆனால் கிடைக்கிற வேகத்தை முழுதாக, பயமில்லாமல் பயன்படுத்த முடிகிற கார் இது. 1964-இன் பிற்பகுதியிலிருந்து வந்த இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்டுக்கு ஐந்து பேரிங். அதற்கு முன்பு மூன்றுதான். மூன்று பேரிங் இன்ஜின் சுலபமாகச் சுழலும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நீண்ட தூர ராலிக்கு ஐந்தே நல்லது.

லேகாக் ஓவர்டிரைவ் உள்ள கார் கிடைத்தால் விடாதீர்கள். டாப் கியரில் ஸ்விட்சைத் தட்டினால் இன்ஜின் சுழற்சி சட்டென்று இறங்கும். நெடுஞ்சாலையில் காதுக்கும் நிம்மதி, பெட்ரோலும் மிச்சம். 1967 வரை வந்த கியர் பாக்ஸில் முதல் கியருக்கு, ஓடும்போதே உரசாமல் கியர் விழ உதவும் சிங்க்ரோ கிடையாது. மலை வளைவில் முதல் கியருக்கு இறங்க வேண்டியவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருப்பு ரப்பர் பம்பர் வைத்த எம்ஜிபி வேண்டாம் என்கிறார்களே?

அமெரிக்க மோதல் விதிகளுக்காக 1974 இலையுதிர் காலத்தில் வந்த மாற்றம் அது. பம்பரின் தோற்றத்தைவிட, அதோடு காரை ஒன்றரை அங்குலம் உயர்த்தியதுதான் பிரச்சினை. வளைவில் பழைய காரைவிட அதிகம் சாயும். சஸ்பென்ஷனைச் சரிசெய்து இதைத் தீர்க்கலாம். விலை குறைவு, பாடி ஒன்றுதான். சும்மா ஓட்டி மகிழ இதைவிட மலிவான வழி இல்லை. ராலிக்கு என்றால் வாங்கும் முன் விதிப்புத்தகத்தைப் பாருங்கள். பல போட்டிகள் 1960-களின் கார்களுக்கே முன்னுரிமை தருகின்றன.

காரைப் பார்க்கப் போகிறேன். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

இன்ஜினை அல்ல. பானட்டைத் திறந்து இன்ஜினைப் புகழ்ந்துகொண்டே இருக்கும் விற்பனையாளரிடமிருந்து மெதுவாக நகர்ந்து, கதவுக்குக் கீழே குனியுங்கள். இன்ஜினை யாரும் ஒரு வாரத்தில் இறக்கி வேலை பார்த்துவிடலாம். துருப்பிடித்த பாடியில் வெல்டிங் தொடங்கினால் எங்கே முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எம்ஜிபிக்குத் தனி சேஸி கிடையாது, பாடியே சேஸி. கூரை இல்லாத ரோட்ஸ்டரில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடிப்பது கதவுக்கடியில் ஓடும் சில் என்ற பெட்டி அமைப்புதான். வெளித்தகடு, உள்தகடு, அடியில் காசில் ரெயில் என்று பல அடுக்குகள். வெளித்தகடு மட்டும் பளபளவென்று இருந்து உள்ளே ஒன்றுமே இல்லாத கார்கள் நிறைய. பழைய துருவின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி வெல்டிங் செய்து விற்பதும் உண்டு.

பார்க்கும் முறை இது. ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். சில்லின் மேலும் மட்கார்டின் அடியிலும் நகர்த்துங்கள். பிடி தளர்கிற இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். அடுத்து, முன் மட்கார்டின் அடிமுனையும் சில்லும் சேரும் இடத்தில் ஒரு இணைப்புக்கோடு தெரிய வேண்டும். அது மறைந்து வழுவழுவென்று இருந்தால் ஏதோ மூடப்பட்டிருக்கிறது. அப்புறம் கதவு இடைவெளி. மேலேயும் கீழேயும் ஒரே அகலம் இருக்கிறதா? உரிமையாளர் சம்மதித்தால் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல்லிவிட்டு, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தரையில் சுலபமாக மூடிய கதவு இப்போது இடித்தால் நடுப்பகுதி வளைகிறது. அந்தக் காரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

சீட்டுக்குப் பின்னால் தரைக்கடியில் பேட்டரிப் பெட்டிகள் இருக்கும். 1974 வரையான கார்களில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள். அமிலம் சொட்டி, மேலே ஈரமும் சேர்ந்து, அந்தப் பெட்டிகள் அடியோடு போயிருக்கும். கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க யாரும் மறுத்தால் காரணம் அங்கேதான்.

வயர் வீல் அழகாக இருக்கிறதே?

இருக்கிறது. ஒரு பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஒருவர் பிரேக்கை அழுத்தியபடி இருக்க, இன்னொருவர் சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பட்டும். "டக்" என்று ஆடினால் ஹப்பின் பற்கள் தேய்ந்துவிட்டன. ஸ்போக்குகளை ஸ்பானரால் தட்டுங்கள். எல்லாம் ஒரே சுருதியில் ஒலித்தால் சரி. கடுமையான ராலிக்கு இரும்பு டிஸ்க் சக்கரம் அல்லது மினிலைட் வகை அலாய்ச் சக்கரமே பத்திரம்.

ஆஸ்டின்-ஹீலி 3000 எப்படி? கனவே அதுதான்.

கனவு நியாயமானது. 1952 லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் டொனால்ட் ஹீலி தன் 'ஹீலி 100'-ஐ வைத்தார். ஆஸ்டின் தலைவர் லெனார்ட் லார்ட் அதைப் பார்த்துவிட்டு அங்கேயே பேசி முடித்தார். கண்காட்சி முடிவதற்குள் அது ஆஸ்டின்-ஹீலி ஆகிவிட்டது. ஆறு சிலிண்டர், 2912 சிசி கொண்ட 3000 மாடல் 1959 முதல் 1967 வரை வந்தது.

ராலி வரலாற்றில் இந்தக் காருக்கு உள்ள இடம் பெரியது. 1960-இல் பாட் மாஸ், ஆன் விஸ்டம் என்ற இரு பெண்கள் யுஆர்எக்ஸ் 727 என்ற எண்ணுள்ள 3000-ஐ ஓட்டி லியேஜ்–ரோம்–லியேஜ் ராலியை ஒட்டுமொத்தமாக வென்றார்கள். பெண்களுக்கான கோப்பையை மட்டும் அல்ல, போட்டியையே. நாள் கணக்கில், தூக்கம் என்ற பேச்சே இல்லாமல், அன்றைய யூகோஸ்லாவியாவின் மண் சாலைகள் வழியாக ஓடிய போட்டி அது. பிரிட்டிஷ் ராலி ஓட்டுநர்களான மார்லி சகோதரர்கள் 1961, 1962 ஆல்பைன் ராலிகளை (ஆல்ப்ஸ் மலைச்சாலைப் போட்டி) இதே மாடலில் வென்றார்கள். 1964-இல் ரவுனோ ஆல்டோனென், டோனி ஆம்ப்ரோஸ் இருவரும் ஸ்பா–சோபியா–லியேஜ் ராலியை இதே மாடலில் வென்றார்கள்.

சரி, நிஜத்துக்கு வருவோம். உள்ளே கொதிக்கும். பெரிய இன்ஜினின் வெப்பம் முழுவதும் கால் பக்கம் வந்து சேரும். கோடைகால ராலியில், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் நேவிகேட்டர் உங்களோடு பேசுவதையே நிறுத்திவிடுவார். புகைக்குழாய் தரைக்கு மிக அருகில் ஓடுகிறது. ஒரு கல்லோ மேடோ போதும், கழன்றுவிடும். போட்டிக்கான கார்களில் அதைப் பக்கவாட்டில் வெளியே கொண்டுவந்தது இதனால்தான். பாடியிலும் ஒரு வில்லங்கம் உண்டு: முன்னாலும் பின்னாலும் நடுப்பகுதித் தகடு அலுமினியம், மட்கார்டு இரும்பு. இரண்டும் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் மின்வேதி அரிப்பு தொடங்கும். பெயின்டுக்கு அடியில் கொப்புளம் கொப்புளமாகத் தெரியும்.

பெரும்பாலான ஹீலிகள் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானவை. அங்கிருந்து திரும்பி வந்து இடதுபக்க ஸ்டியரிங்கை வலதுபக்கம் மாற்றிய கார்கள் ஏராளம். அதில் தவறில்லை. விளம்பரத்தில் அதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

ட்ரையம்ஃப் டி.ஆர். வரிசை?

என் ஓட்டு டி.ஆர். 3-ஏக்கும் டி.ஆர். 4-க்கும். தனி சேஸி, முரட்டு இன்ஜின். ஜானி வால்வொர்க் 1954 ஆர்ஏசி ராலியை டி.ஆர். 2-இல் வென்றார். அந்த டி.ஆர். 2-இல் ஸ்டாண்டர்ட் வேன்கார்ட் காரின் 2088 சிசி இன்ஜினை, இரண்டு லிட்டர் பிரிவுக்குள் வரும்படி 1991 சிசியாகக் குறைத்துப் போட்டார்கள். இது ஈர லைனர் வகை. சிலிண்டர் லைனரைச் சுற்றி நேரடியாகத் தண்ணீர் ஓடும். தேய்ந்தால் லைனரையும் பிஸ்டனையும் கழற்றிப் புதியதைப் போட்டுவிடலாம், பிளாக்கைக் கடைய வேண்டியதில்லை. டி.ஆர். 4-இன் உடல் வடிவம் இத்தாலியர் மிக்கெலாட்டியுடையது. கதவுக் கண்ணாடி ஏற்றி இறக்கலாம், மழையில் உயிர் காக்கும் வசதி! டி.ஆர். 5, டி.ஆர். 6 கார்களில் பிரிட்டனுக்கு லூகாஸ் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்தது. சரியாக இருக்கும்போது அருமை. சரியாக வைத்திருக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஜாகுவார் ஈ-டைப்பை ராலிக்கு எடுத்துப் போகலாமா?

தார்ச்சாலை டூரிங் நிகழ்ச்சிக்குத் தாராளமாக. கல்லும் குழியுமான பாதைக்கு வேண்டாம். அந்த நீண்ட மூக்கு முழுவதும் ஒரே பானட். அதில் விழும் ஒரு அடிக்கு ஆகும் செலவில் நல்ல எம்ஜி மிட்ஜெட் ஒன்று வாங்கலாம். 1961 ஜெனிவா கண்காட்சியில் அறிமுகமானபோது கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல், கவென்ட்ரியிலிருந்து இன்னொரு காரை ஜாகுவாரின் சோதனை ஓட்டுநர் நார்மன் டியூவிஸ் ராவோடு ராவாக ஓட்டிக்கொண்டுவந்து சேர்த்தார். அதாவது நீண்ட தூரம் போகும் கார்தான், சாலை நன்றாக இருக்கும் வரை.

ராலி ரத்தம் ஓடும் ஜாகுவார் என்றால் அது எக்ஸ்கே 120. இயன் ஆப்பிள்யார்டும் அவர் மனைவி பாட்டும் (ஜாகுவார் நிறுவனர் வில்லியம் லயன்ஸின் மகள்) என்யுபி 120 என்ற காரில் 1950, 1951, 1952 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஆல்பைன் ராலியைத் தண்டப்புள்ளி இல்லாமல் முடித்து, ஆல்பைன் தங்கக் கோப்பையை முதன்முதலில் பெற்றார்கள். மூன்று வருடமும் ஒரே கார்.

லோட்டஸ் எலான், மார்கன்?

எலான் வளைவுகளின் அரசன். கண்ணாடியிழை பாடி துருப்பிடிக்காது, ஆனால் உள்ளே ஓடும் இரும்பு முதுகெலும்பு சேஸி பிடிக்கும். மார்கனின் பாடிச் சட்டம் ஆஷ் மரம். துருவோடு மர அழுகலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காகிதங்கள்?

பதிவுப் புத்தகமான லாக் புக்கில் உள்ள சேஸி எண், காரில் உள்ள எண் தகடு, இன்ஜின் எண் மூன்றையும் நீங்களே படித்து ஒப்பிடுங்கள். எம்ஜி, ஆஸ்டின்-ஹீலி, ட்ரையம்ஃப் கார்களுக்கு கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் ஆவணக்காப்பகம் ஹெரிட்டேஜ் சான்றிதழ் தரும். ஜாகுவாருக்கு அதன் சொந்த ஆவணக்காப்பகம். ஆலையைவிட்டு எந்த நாளில், எந்த நிறத்தில், எந்த நாட்டுக்குப் போனது என்பது அதில் தெரியும். விற்பவர் "அசல் சிவப்பு" என்று சொல்ல, சான்றிதழ் "வெள்ளை" என்று சொல்வது அன்றாடக் கதை.

"இது ஆலையின் போட்டிக் கார்" என்று யாராவது சொன்னால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள். எம்ஜி, ஆஸ்டின்-ஹீலி இரண்டையும் தயாரித்த பிஎம்சி நிறுவனத்துக்கு அபிங்டனில் இருந்த போட்டிப் பிரிவின் கார்கள் ராலிகளில் நசுங்கின, மறுபடி கட்டப்பட்டன, ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் போனது. ஒரே எண் பலகைக்கு இரண்டு கார்கள் உரிமை கொண்டாடுவதும் நடக்கிறது. 50 மட்டுமே விற்பனைக்குத் தயாரான ஹீலி 100எஸ் போன்ற மாடல்களில் நிபுணர் இல்லாமல் காசை எடுக்காதீர்கள்.

ஹிஸ்டாரிக் ராலி என்றால் வேகப் போட்டியா?

பெரும்பாலும் இல்லை. சாலையை மூடி நடத்தும் வேகப் பிரிவுகள் கொண்ட ராலிகள் தனி. அதற்கு உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் ஹிஸ்டாரிக் டெக்னிகல் பாஸ்போர்ட், ரோல் கேஜ், தீப்பிடிக்காத உடை எல்லாம் வேண்டும். அதிகம் பேர் ஓட்டுவது ரெகுலாரிட்டி. அதாவது குறிப்பிட்ட சராசரி வேகத்தைத் துல்லியமாகக் கடைப்பிடிப்பது. பிரிட்டனின் பொதுச் சாலைகளில் இந்தச் சராசரி மணிக்கு 30 மைலைத் தாண்டக் கூடாது. கேட்டால் சிரிப்பு வரும். குறுகிய கிராமச் சாலையில், இருட்டில், மழையில், ஒவ்வொரு சந்திப்பிலும் வழி தேடிக்கொண்டு 30 மைல் சராசரியைப் பிடித்துப் பாருங்கள். சிரிப்பு நின்றுவிடும்.

கணக்கு இப்படி. சராசரி 48 கி.மீ. என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 75 விநாடி. 12.4 கி.மீ. தூரத்தில் 15 நிமிடம் 30 விநாடியில் இருக்க வேண்டும். எங்கே நேரம் எடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு வளைவைத் தாண்டியதும் வேலியோரம் கடிகாரத்தோடு ஒருவர் நிற்பார். முந்தினாலும் பிந்தினாலும் விநாடிக்குத் தண்டப்புள்ளி. எனவே தூரமானி சரியாக இருக்க வேண்டும். அது நூற்றுக்கு ஒன்று தவறினால், 10 கி.மீ.க்கு 100 மீட்டர், அதாவது 7.5 விநாடி போச்சு. அமைப்பாளர்கள் அளந்து தந்திருக்கும் தூரத்தை ராலிக்கு முன்பே ஓட்டி மானியைச் சரிசெய்துகொள்ளுங்கள், அதே டயர், அதே காற்றழுத்தத்தோடு. பழைய ஹால்டா இயந்திர மானிகளுக்குச் சேகரிப்பாளர்களிடம் மவுசு அதிகம். பிரான்ட்ஸ் மின்னணு மானி மலிவு, பொருத்துவதும் சுலபம். எது அனுமதி என்பதை அந்தந்த ராலியின் விதி சொல்லும்.

எந்த ராலியில் தொடங்கலாம்?

உள்ளூர் கிளப் நடத்தும் ஒருநாள் நிகழ்ச்சியில். லேண்ட்ஸ் எண்டிலிருந்து ஜான் ஓ'குரோட்ஸ் வரை டிசம்பர்க் குளிரில் இரவும் பகலுமாக ஓடும் 'லெ ஜாக்' போன்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மொனாக்கோ ஆட்டோமொபைல் கிளப்பின் மான்டி கார்லோ ஹிஸ்டாரிக்கில் சேர, உங்கள் மாடல் அந்தக் காலத்து மான்டி கார்லோ ராலியில் ஓடியதாக இருக்க வேண்டும். எம்ஜிபி ஓடியிருக்கிறது. 1964-இல் மார்லி சகோதரர்கள் அதில் ஜிடி பிரிவையே வென்றார்கள்.

நேவிகேட்டராக யாரை அழைத்துப் போவது?

கணக்கு வருகிறவர், ஓடும் காரில் படித்தால் தலை சுற்றாதவர், உங்களிடம் "தப்பான ரோடு, திரும்பு" என்று தயங்காமல் சொல்கிறவர். கணவன்-மனைவி சேர்ந்து போவதைப் பற்றிக் கருத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆப்பிள்யார்டு தம்பதிக்கு அது நன்றாகவே அமைந்தது.

லூகாஸ் மின்சார அமைப்பு நம்ப முடியாததா?

பர்மிங்காம் லூகாஸ் நிறுவனத்தை "இருட்டின் இளவரசன்" என்று கேலி செய்வது பழைய ஜோக். 50 வருடக் காரில் பழுதுக்குக் காரணம் பெரும்பாலும் துருப்பிடித்த எர்த் இணைப்பும் தளர்ந்த புல்லட் கனெக்டரும்தான். எல்லா எர்த் புள்ளிகளையும் கழற்றி, உரசி, மறுபடி முறுக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். ஹெட்லைட்டுக்கு ரிலே போடுங்கள். இரவு ராலிக்கு டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைப்பதை நான் ஆதரிக்கிறேன். கழற்றிய டைனமோவை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். 1967 வரையான எம்ஜிபியில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இது தெரியாமல் போன் சார்ஜரை இணைத்தால் புகைதான்.

எஸ்யு கார்பரேட்டரை நானே சரிசெய்ய முடியுமா?

முடியும். மேலே உள்ள கருப்பு மூடியைத் திருகி எடுத்தால் டாம்பர் தண்டு வரும். உள்ளே எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். காய்ந்திருந்தால் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் இன்ஜின் திக்கும். காற்று வடிகட்டியைக் கழற்றி விரலால் பிஸ்டனை மேலே தூக்கிவிட்டால் "கிளக்" என்று தடையில்லாமல் விழ வேண்டும். நடுவில் தொங்கினால் ஊசி மையம் விலகியிருக்கிறது. இரண்டு கார்பரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்பதை ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்தே கண்டுபிடித்த மெக்கானிக்குகள் இருந்தார்கள். இன்று அதற்கு அளவுமானி கிடைக்கிறது.

பெட்ரோல், ஆயில்?

பிரிட்டனில் 1999 முடிவோடு ஈயம் கலந்த பெட்ரோல் பொது விற்பனையிலிருந்து போய்விட்டது. ஈயம் இல்லாவிட்டால் பழைய வால்வ் சீட் தேயும், அதனால் சிலிண்டர் ஹெட்டில் கடினமான வால்வ் சீட் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். சூப்பர் வகை இ5-ஐப் போடுங்கள், குழாய்களை எத்தனால் தாங்குபவையாக மாற்றுங்கள். ஆயில் 20டபிள்யூ-50, துத்தநாகச் சேர்மம் போதிய அளவு உள்ளது.

இந்தியாவில் இவற்றுக்கு மெக்கானிக் கிடைப்பாரா?

நினைப்பதைவிடச் சுலபமாக. அம்பாசடரில் பல்லாண்டு ஓடிய 1489 சிசி இன்ஜின் பிஎம்சியின் பி-சீரிஸ். எம்ஜிபிக்கு முந்தைய எம்ஜிஏவின் முதல் மாடலில் இருந்ததும் அதே குடும்பத்து 1489 சிசிதான். எம்ஜிபியின் 1798 சிசி அதன் தம்பி. பாகங்கள் எல்லாம் அப்படியே பொருந்தாது, ஆனால் அம்பாசடரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்த்த பழைய கைகளுக்கு இந்த இன்ஜினில் புதிதாக ஒன்றும் இல்லை. சென்னை வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையில் வேன்கார்டும் தயாரானது, ஹெரால்டும் தயாரானது. முன்னதன் இன்ஜின்தான் டி.ஆர். 2 இன்ஜினுக்கு அடிப்படை. பின்னதன் சேஸியைச் சுருக்கித்தான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் பிறந்தது.

பதிவைப் பொறுத்தவரை, 2021-இல் வந்த மத்திய விதிப்படி 50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத வாகனத்துக்கு 'விஏ' எழுத்துள்ள தனி எண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். கண்காட்சி, ராலி போன்றவற்றுக்கு ஓட்டலாம். தினசரி ஆபீஸ் போக அனுமதி இல்லை.

பிரிட்டனில் எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனை வேண்டாமாமே?

2018 மே முதல், 40 ஆண்டு தாண்டி, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்குக் கட்டாயமில்லை. இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். பிரேக் குழாயை இன்னொருவர் கண்ணும் பார்க்கட்டும். வாங்கப் போகும் காருக்குப் பழைய எம்ஓடி தாள்கள் கட்டாக இருந்தால் அதுவே நல்ல அறிகுறி. ஓடிய மைல் கணக்கு பொய்யா நிஜமா என்று அதிலேயே தெரிந்துவிடும்.